மீன் தொட்டியின் சப்போர்ட் பட்டை: ஆடியில் உடைந்து ஆவணியில் ஒட்டிய கதை

அன்று சேலம் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கை. ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி என்று எல்லாப் பக்கத்து உறவும் அந்த ஒரு நாளுக்கு எங்கள் தெருவில் வந்து இறங்கும். வீட்டில் உட்கார இடம் இருக்காது. சாமி வேஷம் கட்டிய வண்டிகள் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. கூடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பாத்திரம் விழுந்த சத்தம் இல்லை. கண்ணாடிக்கு மட்டுமே வரும் சத்தம் அது.

போய்ப் பார்த்தால் மனைவியின் அக்கா மகன் நாற்காலி மேல் நிற்கிறான். தொட்டியின் மேல் முழங்கையை ஊன்றி மீனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "சித்தப்பா, நான் ஒண்ணும் பண்ணல" என்றான், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. தொட்டியின் நடுவில் குறுக்கே போகும் கண்ணாடிப் பட்டை சாய்வாக இரண்டாக முறிந்திருந்தது. இரு முனைகளும் ஒட்டியபடியே இருந்ததால் துண்டுகள் கீழே விழவில்லை. உள்ளே இருந்த இரண்டு ஆஸ்கர் மீன்களும் உணவு வருகிறது என்று மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம். 8 மி.மீ. கண்ணாடி. உள்ளூரில் கட்டி வாங்கியது, ஆறு வருடம் ஆகிறது. மேல் விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழே, முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் உள்பக்கமாக 2 அங்குல அகலத்துக்கு நீளப் பட்டைகள் ஓடும். அந்த இரண்டையும் நடுவில் பாலம் போல இணைப்பதுதான் உடைந்த துண்டு. கடைக்காரர்கள் 'சப்போர்ட்' என்றுதான் சொல்வார்கள். மூடி வைக்கவும் லைட் வைக்கவும் வசதிக்காகப் போட்ட பலகை என்று என் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது சுமையைத் தாங்குவதற்கு இல்லை, இழுத்துப் பிடிப்பதற்கு. தண்ணீர் முன் கண்ணாடியை முன்னாலும் பின் கண்ணாடியைப் பின்னாலும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நடுப்பட்டை இரண்டையும் கையால் பிடித்த மாதிரி பிடித்து வைத்திருக்கிறது.

எவ்வளவு தள்ளுகிறது என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 22 அங்குலம் தண்ணீர் நின்றால் முன் கண்ணாடி மேல் மட்டும் மொத்தம் 190 கிலோ அளவுக்கு அழுத்தம். இதில் தொட்டி எவ்வளவு அகலம் என்பது வரவே வராது. உயரமும் நீளமும் மட்டும்தான். அதிலும் உயரம் இருமடியாக வேலை செய்கிறது. 22 அங்குலத்தை பதினைந்தரைக்கு இறக்கினாலே அழுத்தம் பாதியாகிவிடும். 11 அங்குலத்துக்கு வந்தால் கால் பங்குதான், 47 கிலோ சொச்சம். பட்டை உடைந்தால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. தண்ணீரை இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அன்று ஆளுக்கொரு யோசனை. மச்சான் எபாக்சிப் பசை போட்டு அப்படியே ஒட்டிவிடலாம் என்றார். எதிர்வீட்டு அண்ணன் லாரி வைத்திருக்கிறார்; சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டைக் கையோடு கொண்டுவந்து, "சுத்தி ஒரு கட்டு கட்டி இறுக்கிருவோம், ஒண்ணும் ஆவாது" என்றார். நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பெல்ட் பல நூறு கிலோவுக்கு இழுக்கக்கூடியது. எவ்வளவு இறுகியது என்று கைக்குத் தெரியாது, விளிம்பில் ஓரிடத்தில் அழுந்தினால் பட்டையோடு போக வேண்டியது முன் கண்ணாடியோடு போகும். மரக்கட்டை அணை கொடுத்து மெல்ல இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். என் கைமேல் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பெல்ட் நாற்காலி மேலேயே கிடந்தது.

தண்ணீரை எடுப்பதற்கு முன் ஒரு டேப்பை வைத்து அளந்தேன். மேல் விளிம்பில் முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி, ஓரத்தில் இருந்ததைவிட நடுவில் 2 மி.மீ. அதிகம். தொட்டி புடைத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. இரண்டு அரை அங்குல ஹோஸ்களை உறிஞ்சி விட்டு, கொல்லைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் திருப்பினேன். கால் மணி நேரத்தில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. மறுபடி அளந்தேன், ஓரமும் நடுவும் ஒன்றுபோல இருந்தன. அதற்குப் பிறகுதான் வண்டி வேடிக்கை பார்க்கப் போனோம். பையன் வரமாட்டேன் என்றான். அவனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

மறுநாள் மீன்களை 200 லிட்டர் நீல டிரம்முக்கு மாற்றினேன். தொட்டியில் மிச்சமிருந்த பழைய தண்ணீரையே அரை டிரம் நிரப்பி, ஃபில்டரையும் அதிலேயே போட்டு ஓட விட்டேன். ஃபில்டரைக் கழற்றிக் காயப்போடுவது இந்த மாதிரி நேரத்தில் பலரும் செய்யும் தப்பு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன, காய்ந்தால் செத்துவிடும். டிரம்முக்கு மேலே வலை கட்டினேன். ஆஸ்கர் குதிக்கும்.

உடைந்த பட்டையைக் கழற்ற மீன் பிடிக்கும் நைலான் நரம்பைத்தான் பயன்படுத்தினேன். மீன் தொட்டிக்கு அதைக் கொண்டுவருவதில் ஒரு கூச்சம் இருந்தது, ஆனால் வேலை சுலபம். இரு முனையையும் சின்னக் குச்சிகளில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பட்டைக்கும் கீழே உள்ள ஓரப் பட்டைக்கும் நடுவில் இருக்கும் சிலிக்கானுக்குள் (கண்ணாடியை ஒட்டும் ரப்பர் போன்ற பசை) நுழைத்து, ரம்பம் இழுக்கிற மாதிரி இழுத்தால் வெண்ணெய் போல அறுக்கும். தடித்த கையுறை கட்டாயம்.

அடுத்த நாள் துண்டுகளை எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, பையன் கை வெச்சதுல உடையல இது. இங்க பாருங்க" என்று முறிவு தொடங்கிய இடத்தைக் காட்டினார். பட்டையின் கீழ் விளிம்பில் சிப்பி வடிவத்தில் ஒரு சின்னப் பல். நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. அதிலிருந்துதான் விரிசல் விசிறி மாதிரி மேலே போயிருந்தது. மேலிருந்து அழுத்தினால் பட்டையின் மேற்பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். கண்ணாடி நெருக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுபடும் பக்கத்தில் ஒரு பல் இருந்தால் சொல்லவே வேண்டாம். கட்டரால் வெட்டிய விளிம்பைத் தேய்க்காமல் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அதோடு அந்தப் பட்டை 5 மி.மீ. கண்ணாடி, 3 அங்குல அகலம்தான். ஆறு வருடம் நின்றதே பெரிய விஷயம்.

அன்று மாலையே பையனின் அம்மாவுக்கு ஃபோன் போட்டு இதைச் சொன்னேன்.

புதுப் பட்டைக்கு 8 மி.மீ. கண்ணாடி, அகலம் 6 அங்குலம். நீளம் கணக்கிடும்போது கவனம் வேண்டும்: உள் அகலம் 441 மி.மீ.; இரு பக்கமும் 2 மி.மீ. சிலிக்கானுக்கு விட்டு 437 வெட்டச் சொன்னேன். கண்ணாடியும் கண்ணாடியும் எங்கேயும் நேராகத் தொடக் கூடாது. நாலு விளிம்பையும் கிரைண்டரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கூரான முனைகளையும் மழுக்கித் தந்தார். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த பேட்டையில் பாலிஷைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டஃபன் கண்ணாடி, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி, வேண்டாமா என்று கேட்டேன். இந்த வேலைக்குத் தேவையில்லை என்றார். ஒருமுறை டஃபன் செய்துவிட்டால் பிறகு ஒரு மி.மீ. கூட வெட்ட முடியாது, அளவு தப்பினால் தூக்கிப்போட வேண்டியதுதான். அக்ரிலிக் போடலாம் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். அதில் சிலிக்கான் ஒழுங்காகப் பிடிக்காது என்பதால் அந்த யோசனை அன்றே முடிந்தது. எபாக்சியும் அப்படித்தான். தண்ணீர் ஏற இறங்கக் கண்ணாடி நூலளவு அசைந்துகொண்டே இருக்கும், காய்ந்து கல்லாகிவிடும் பசை அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் பிய்த்துக்கொள்ளும்.

சிலிக்கான் வாங்குவதிலும் ஒரு விஷயம். குளியலறைக்கு என்று விற்பதில் பூஞ்சை வராமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள், அது மீனுக்கு விஷம். மருந்து எதுவும் கலக்காத, காயும்போது வினிகர் வாசனை அடிக்கும் சாதா சிலிக்கான்தான் வேண்டும். மீன் தொட்டிக்கு ஏற்றது என்று ட்யூபிலேயே போட்டிருந்தால் இன்னும் நல்லது. கெடு தேதி பார்க்க வேண்டும். பழைய ட்யூப் எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே இருக்கும்.

இனி நான் செய்த தப்பு.

முதல் தடவை ஒரே மாலையில் முடித்துவிட நினைத்தேன். பழைய சிலிக்கானைப் பிளேடால் சுரண்டினேன். பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, சிலிக்கான் போட்டு, பட்டையை வைத்து, மேலே தண்ணீர் பாட்டில்களை அணைக்கு வைத்துவிட்டுப் படுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பட்டையின் நடுவில் கைகொடுத்து மெல்லத் தூக்கிப் பார்த்தேன். பின்பக்க முனை, ஸ்டிக்கர் உரிவது போல, ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்து வந்தது.

நல்ல வேளை, தண்ணீர் விடவில்லை. உரிந்த இடத்தைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. சிலிக்கான் கிழிந்திருந்தால் கண்ணாடியில் பாதி, பட்டையில் பாதி என்று சொரசொரப்பாக ஒட்டியிருக்கும். இங்கே புது சிலிக்கான் முழுவதும் பட்டையோடு வந்துவிட்டது, அடிப்பக்கம் பளபளவென்று வழவழப்பாக இருந்தது. அது கண்ணாடியைப் பிடிக்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருந்த பழைய சிலிக்கான் படலத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. காய்ந்த சிலிக்கான் மேல் புது சிலிக்கான் நம்பும்படி ஒட்டாது. இதை நான் படித்திருக்கிறேன், இரண்டு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

இரண்டாம் தடவை சுத்தம் செய்ய மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. புதுப் பிளேடு, சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில். பின்பக்க ஓரப் பட்டையிலும் கண்ணாடியிலும் வெள்ளைக் கறை இருந்தது. கோடையில் காவிரித் தண்ணீர் வராத நாட்களில் போர் தண்ணீர் ஊற்றியதன் மிச்சம். அந்த உப்புப் படிவை பிளேடு மட்டும் முழுதாக எடுக்காது. எலுமிச்சைப் பாதியை வைத்துத் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டால் கரைகிறது. பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, செல்ஃபோன் ரிப்பேர் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சம் வாங்கிவந்து துடைத்தேன். தின்னர் வேண்டாம், துடைத்த பிறகும் அதில் எண்ணெய்ப் பசை தங்கலாம்.

சுத்தமாகிவிட்டதா என்று கண்ணை நம்பக் கூடாது என்பது தெரிந்துவிட்டதால், ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். துடைத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவது. சுத்தமான கண்ணாடியில் சொட்டு பரவும். சிலிக்கான் படலம் இருந்தால் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். மூன்று இடங்களில் உருண்டது. மறுபடி பிளேடு, மறுபடி ஆல்கஹால். நான்காவது சுற்றில்தான் எல்லா இடமும் பரவியது. அடியில் நின்ற தண்ணீரையும் இந்த முறை மணல் நனைந்திருக்கும் அளவுக்கு மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்தேன். மழைக்கால ராத்திரியில் அது ஆவியாகி மேலே வேர்த்துக்கொண்டிருந்தால் ஒட்டும் இடம் ஈரமாகிவிடும்.

ஒட்டும்போது சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். பட்டையின் எடையும் பாட்டில்களின் எடையும் சிலிக்கானை முழுக்கப் பிதுக்கி வெளியே தள்ளிவிடக் கூடாது, ஒரு மி.மீ. கனமாவது உள்ளே நிற்க வேண்டும், அந்தக் கனம்தான் அசைவைத் தாங்கும். அதற்கு நாலு மூலையிலும் தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சியை ஒடித்து வைத்தேன், வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி. சிலிக்கானை இடைவெளி இல்லாமல் தாராளமாகப் போட்டு, பட்டையை ஒரு ஓரத்திலிருந்து மெல்ல இறக்கினால் உள்ளே காற்றுக் குமிழி மாட்டாது. மேலே தோல் கட்ட ஆரம்பிக்கப் பத்து நிமிடம்தான் ஆகும். அதற்குள் வழிந்ததை விரலால் இழுத்துவிட்டு டேப்பை உரித்துவிட வேண்டும். குச்சிகளை மறுநாள் உருவிவிட்டு ஓட்டைகளை அடைத்தேன்.

காத்திருப்புதான் இந்த வேலையில் சுவாரசியமான பகுதி என்றால் சிரிப்பீர்கள். 24 மணி நேரம் போதும் என்று ட்யூபில் எழுதியிருப்பது, காற்றுப்படும் இடத்தில் இரண்டு மூன்று மி.மீ. கனத்துக்கு. சிலிக்கான் காய்வது வெயிலில் இல்லை, காற்றில் உள்ள ஈரத்தில். இங்கே மேலும் கண்ணாடி, கீழும் கண்ணாடி. ஈரம் ஓரத்திலிருந்து மட்டும்தான் உள்ளே நுழைய வேண்டும். என் ஒட்டு ஒவ்வொரு முனையிலும் 2 அங்குலத்துக்கு 6 அங்குலம். நடு எப்போது காயும்?

அதைத் தெரிந்துகொள்ள, பட்டையை ஒட்டிய அன்றே உடைந்த பழைய துண்டுகளிலிருந்து இரண்டை எடுத்து, அதே அளவு கனத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஏழாம் நாள் அதைப் பிளந்து பார்த்தேன். சுற்றிலும் ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக ரப்பர் போல இறுகியிருந்தது. நடுவில் இன்னும் களி. பிளந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறியது. ஒரு வாரம் ஆகியும் பாதிக்கு மேல் காயவில்லை.

இதைப் பார்த்ததும் பயம் வரும். கணக்குப் போட்டால் குறையும். மேல் விளிம்பு நடுவில் பட்டை பிடிக்க வேண்டிய இழுப்பு, அதிகமாக வைத்துக்கொண்டாலும் 40 கிலோ. காய்ந்த ஓரம் மட்டும் ஒவ்வொரு முனையிலும் 25 சதுர செ.மீ.க்கு மேல் இருக்கிறது. ஆக, ஒரு சதுர செ.மீ.க்கு ஒன்றரை கிலோ. நன்கு காய்ந்த சிலிக்கான் சதுர செ.மீ.க்குப் பத்து கிலோவுக்கு மேல் தாங்கும். அப்படியும் நான் இன்னும் ஐந்து நாள் சேர்த்துப் பன்னிரண்டு நாளாக்கினேன். ஆண்டுக்கணக்கில் விடாமல் இழுபடும் ஒட்டுக்கு 'தாங்கும்' என்பதற்கும் 'தாங்கிக்கொண்டே இருக்கும்' என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

டிரம்மில் ஆஸ்கர்கள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. முதல் இரண்டு நாள் உணவே போடவில்லை, அப்புறம் வழக்கத்தில் பாதி. ஒன்றுவிட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். பெரியது என்னைக் கண்டால் திரும்பிக்கொள்ளும். மனைவி போனால் மேலே வரும்.

பதின்மூன்றாம் நாள் தொட்டியில் 12 அங்குலம் விட்டேன். குளோரின் போக ஒரு நாள் பிடித்து வைத்திருந்த மாநகராட்சித் தண்ணீர், அதோடு டிரம்மிலிருந்து பாதி. மறுநாள் 16. அதற்கடுத்த நாள் 19. ஒவ்வொரு முறையும் டேப் வைத்து நடுவையும் ஓரத்தையும் அளந்து, பட்டையின் மேலேயே மார்க்கரால் எழுதிவைத்தேன். கடைசியில் 21 அங்குலத்தில் நிறுத்திவிட்டேன். பழைய அளவான 22க்கு ஏற்றவில்லை. அந்த ஒரு அங்குலத்துக்காக 17 கிலோ கூடுதல் அழுத்தம் எதற்கு, பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. 21இல் ஓரத்துக்கும் நடுவுக்கும் டேப்பில் வேறுபாடு காட்டவில்லை. செலவு கண்ணாடி, சிலிக்கான், ஆல்கஹால் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது, முதல் தடவை வீணான ட்யூபையும் சேர்த்து.

மூடியைக் கொஞ்சம் மாற்றினேன். முன்பு அது பட்டை மேல் உட்கார்ந்திருந்தது, இப்போது நாலு பக்கக் கண்ணாடி மேல் உட்காருகிறது. நாற்காலியும் கூடத்தின் அந்தப் பக்கம் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஓர் உயரமான ஸ்டூல் வாங்கித் தொட்டிக்கு முன்னால் போட்டிருக்கிறேன். ஏழு வயசுப் பையன் அதில் உட்கார்ந்தால் கண் சரியாக 15 அங்குல மட்டத்துக்கு வரும். எதிர்வீட்டு அண்ணனின் பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "எத்தன இழுப்பு இழுத்தீங்க?" என்று கேட்டார். இரண்டு என்று சொல்லிவிட்டு வந்தேன்.